வெறுந்தாள் கொடுத்த மர்ஷூதா

மதுரங்குளிச் சந்தியில் நின்று மர்ஷூதாவைப் பற்றி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "அந்தக் கனமூலைப் பக்கத்துப் புள்ளையா? ஒரே பாடத்துக்கு ரெண்டு தரம் சைபர் எடுத்ததே" என்பார்கள். சைபர் எடுத்தது உண்மைதான். புள்ளிப் பட்டியலில் அதைப் பதிந்தவனே நான். ஆனால் அந்தச் சைபர் எப்படி வந்தது என்று தெரியாமல் கதைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் நளீர். கரையோரத்தில் இருக்கிற ஒரு கல்லூரியின் பரீட்சைக் கிளையில் பதினாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, நானும் அந்தச் சோற்றைத் தின்றவன்தான். இறால் வளர்ப்பில் இரண்டு வருட டிப்ளோமா அங்கே உண்டு. சனி, ஞாயிறு வகுப்பு. முந்தல் வாவிக் கரையில் இறால் பண்ணைகளில் வேலை செய்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள்.

மர்ஷூதாவும் அப்படி வந்தவள். இறால் குஞ்சு பொரிக்கிற நிலையம் ஒன்றில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்களே, அப்போது மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்தவள், வயது மூன்று. இங்கே வளர்ந்து, இங்கே படித்து, இங்கேயே கலியாணமும் கட்டினாள். இருந்தும் எங்கள் ஊர்ச் சனம் அவளை 'அகதிப் புள்ளை' என்றுதான் சொல்லும். நானும் சொன்னவன்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவளுடைய ஆசை ஒன்றுதான். ஒரு வெண்புள்ளி நோய் வந்தால் வாவிக் கரைப் பண்ணைகள் ஒரே கிழமையில் காலியாகிவிடும். அந்த நோயைப் பற்றிப் பட்டப்படிப்புப் படிக்க வேண்டும் என்பாள். டிப்ளோமாவில் நல்ல புள்ளியோடு தேறித் திறமைச் சித்தி எடுத்தவர்களைப் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் நேரே சேர்த்துக்கொள்வார்கள். சாதாரண சித்திக்கு அந்தக் கதவு இல்லை. முதல் வருடத்தில் எல்லாப் பாடத்துக்கும் ஏ எடுத்திருந்தாள். மாப்பிள்ளை அஃப்ராஸ் சனிக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்கிற வேப்பமரத்துக்குக் கீழே இருப்பான். உள்ளே வந்து கதிரையில் இருங்கள் என்றால், "இல்ல நானா, இங்க காத்து வருது" என்று அண்ணனிடம் சொல்வது போலச் சொல்லிச் சிரிப்பான்.

யுத்தம் முடிந்து ஐந்தாவது வருடம். இரண்டாம் வருடப் பரீட்சைக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது பாலாவிக்கு இந்தப் பக்கம் ஒரு டிப்பர் அவனை அடித்துவிட்டது. அன்று பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கே மௌத்தாகிவிட்டான்.

மர்ஷூதா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்கத்தில் கடமை. தேவைக்குப் பகலில் வெளியே போய்வரலாம் என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு. எங்கள் பள்ளிவாசல் மௌலவியே அப்படித்தான் சொல்லி அனுப்பினார். பரீட்சைக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்கு வரட்டும், குற்றமில்லை என்றார். அவள் போகவில்லை. போக முடியாமல் இல்லை, போகவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு விளங்க மூன்று வருடம் எடுத்தது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். எங்கள் கல்லூரியில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு சட்டப் புத்தகம் இருந்தது. வைத்தியச் சான்றிதழ் இல்லாமல் பரீட்சைக்கு வராதவர், அந்தப் பரீட்சையை எழுதித் தோற்றவராகவே கணக்கு. மறுபடி எழுதலாம், ஆனால் அது மீள் பரீட்சை. மீள் பரீட்சையில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் சீ தரத்துக்கு மேல் கிடையாது. ஒரு பாடத்தில் சீ விழுந்தாலே திறமைச் சித்தி போய்விடும். சித்தியடைந்த பாடத்தைத் திரும்ப எடுக்கவும் விடமாட்டார்கள், கிரெடிட் ஒரு தரம்தான். தோற்றால் மூன்று தரம் மீள எழுதலாம், அதற்குப் பிறகு டிப்ளோமாவே இல்லை. வைத்தியச் சான்றிதழ் கொடுத்தவருக்கு மட்டும் அடுத்த வருடம் எழுதுவது முதல் தடவை என்று எடுக்கப்படும். அவருக்கு ஏ வரலாம்.

மற்றப் பாடங்களைச் செயல்முறை, கட்டுரை என்று அவள் முன்னமே முடித்திருந்தாள். நீர்த்தரம் ஒன்றுதான் மிச்சம். அவள் தினமும் கையால் செய்கிற வேலை அது.

எங்கள் பக்கம் பரீட்சை மெடிக்கல் எடுப்பது கடையில் பாண் வாங்குவது மாதிரி. ஒரு டொக்டர் இருந்தார், ஊரைச் சொல்லமாட்டேன். போய் நின்றால் காய்ச்சலா, வயிற்றோட்டமா என்று உங்களிடமே கேட்டு எழுதித் தருவார். அவரிடம் போ என்று பிள்ளைகளுக்கு வழி காட்டியது யார் என்றால், நான். எனக்கு அதில் ஐந்து சதம் லாபமில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்ற பெரிய மனசு, வேறென்ன.

இத்தாவில் இருக்கிறவளை அந்நிய ஆண் நான் போய்ப் பார்க்க முடியாது. அதனால் என் மனைவி றைஸாவை அனுப்பினேன். பரீட்சை முடிந்து பதினாலு நாளைக்குள் மெடிக்கல் வரவேண்டும், டொக்டரை நான் பார்த்துக்கொள்கிறேன், நெருப்புக்காய்ச்சல் என்று போடுவோம், நீ பெயரை மட்டும் எழுதிக் கொடு என்று சொல்லி அனுப்பினேன். றைஸா போன வேகத்தில் திரும்பி வந்தாள். தேத்தண்ணி கொடுத்து, சலாம் சொல்லி, தனக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். எனக்கு எரிச்சல் என்றால் எரிச்சல். உதவி செய்யப் போனால் இப்படியா, இந்த அகதிப் புள்ளைக்கு இருக்கிற திமிரைப் பார் என்று றைஸாவிடம் கத்தினேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

இத்தா முடிந்த அடுத்த நாள் மர்ஷூதா கந்தோருக்கு வந்தாள். மரணச் சான்றிதழும், கையால் எழுதிய கடிதமும் கொண்டுவந்திருந்தாள். 'என் கணவர் மரணமானதால் இத்தா இருந்தேன். ஆகவே பரீட்சைக்கு வரவில்லை. அடுத்த பரீட்சையை என் முதல் தடவையாகக் கொள்ளவும்.' இவ்வளவுதான். நான் படிவத்தை எடுத்துக் காட்டினேன். காரணம் எழுதும் கட்டத்தில் நோயின் பெயர், டொக்டரின் பெயர், இரண்டுக்கும்தான் இடம். இதில் இத்தாவை எங்கே எழுதுவது என்று கேட்டேன். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் போட வேண்டியது உங்கள் வேலை, என் வேலை இல்லை என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

கடிதம் கல்விச் சபைக்குப் போனது. கூட்டக் குறிப்பு எழுதுவது நான் என்பதால் அறையின் மூலையில் இருந்தேன். பணிப்பாளர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மனிதர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, அனுதாபமும் சொன்னார். பிறகு, புருஷன் செத்தால் மனசு உடையும்தானே, மன உளைச்சல் என்று ஒரு டொக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள், பிந்தினாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்றார். சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இதைவிட நல்ல மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று நினைத்தேன்.

மர்ஷூதா எழுந்து நின்றாள்.

"எனக்கு நோய் இல்ல சேர். அழுதன், ஆனா நோய் இல்ல. அவருக்காக நான் வீட்டில இருந்த நாலு மாசத்தையும் பத்து நாளையும் நோயெண்டு எழுதித் தர ஏலாது. அது நான் அவருக்குச் செஞ்ச கடைசி மரியாதை."

சட்டத்தில் இடமில்லை என்று சபை எழுதச் சொன்னது. எழுதினேன். அவளுக்கு மீள் பரீட்சை என்று தீர்மானம்.

அடுத்த வருடம் மீள் பரீட்சைக்கு வந்தாள். வந்ததைப் பார்த்ததும், யாரோ புத்தி சொல்லி அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மண்டபத்தில் கண்காணிப்புக்கு நானும் நின்றேன். வினாத்தாளை முழுக்க வாசித்தாள், மடித்து ஓரத்தில் வைத்தாள். முதல் அரைமணித்தியாலம் யாரும் வெளியே போகக்கூடாது என்று சட்டம். அந்த அரைமணித்தியாலமும் கையை மேசையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நேரம் வந்ததும் விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சுட்டெண்ணுக்குக் கீழே ஒரேயொரு வரி இருந்தது: 'இதை மீள் பரீட்சை என்று வைத்தால் எழுதமாட்டேன்.'

அந்தப் பாடம் படிப்பித்தவர் ஹாசிம் சேர். கோபக்காரர். தன் பாடத்தை அவமானப்படுத்திவிட்டாள் என்று கொதித்துப்போய் அடுத்த சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டு விறாந்தையில் நிறுத்தினார். ஒன்றும் படிக்காமல் வந்துவிட்டு நாடகம் ஆடுகிறாயா என்று கேட்டார். வினாத்தாளைக் கையில் எடுத்து முதலாவது கேள்வியை வாசித்தார். அவள் பதில் சொன்னாள். இரண்டாவது வாசித்தார், அதற்கும் சொன்னாள். உப்புச் செறிவு, ஒட்சிசன், அமோனியா என்று ஆறு கேள்விக்கும் நின்ற இடத்திலேயே விடை சொன்னாள். நாலாவது கேள்வியில் ஹாசிம் சேர் தந்திருந்த அளவு எங்கள் வாவித் தண்ணீருக்குச் சரிவராது, அது புத்தகக் கணக்கு என்றும் சொன்னாள். சேர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "நூறு போட வேண்டிய புள்ளைக்கு என் கையால சைபர் போட்டிருக்கன் நளீர்" என்றார். புள்ளிப் பட்டியலில் கையெழுத்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்கடுத்த வருடமும் அதே கதை. அதே அரைமணித்தியாலம், அதே வரி, அதே சைபர். இதற்கிடையில் அவளுடைய உம்மா ஸக்கியா என்னைத் தேடி வந்து அழுதார். சீ என்றாலும் பரவாயில்லை, ஒரு சேட்டிபிக்கட்டைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள் மகன், அகதியாக வந்து இத்தனை வருடமும் யார் எதை எழுதித் தந்தாலும் கையெழுத்து வைத்து வாங்கித்தான் பிழைத்தோம், இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டார். எனக்கு அந்த மனிசியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்று பின்னேரமே மர்ஷூதாவிடம் ஒரு விஷயம் சொன்னேன். புள்ளிப் பட்டியலில் 'தடவை' என்று ஒரு நிரல் இருக்கிறது, அதில் எண் போடுகிறவன் நான், கடைசித் தரம் ஒழுங்காக எழுது, ஒன்று என்று போட்டுவிடுகிறேன், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கள்ளமா வாங்கிறதெண்டா ரெண்டு வருஷத்துக்கு முந்தியே உங்கட டொக்டர்ட்ட வாங்கியிருப்பன் நானா" என்றாள்.

அவள் போன பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தக் கிழமையே முஆஸ் என்று ஒரு பையன் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு வந்தான். மர்ஷூதாவோடு படித்தவன். திறமைச் சித்தி எடுத்துப் பட்டப்படிப்புக்குப் போயிருந்தான், அதற்கு ஒரு கடிதத்தில் முத்திரை குத்த வந்தான். மர்ஷூதா இத்தாவில் இருந்த அதே பரீட்சைக்கு இவனும் வரவில்லை. டெங்குக் காய்ச்சல் என்று மெடிக்கல் கொடுத்தான். அன்று எத்தாளையில் கிரிக்கெட் இறுதிப் போட்டி. கிண்ணத்தோடு நின்ற இவனுடைய படத்தை ஃபேஸ்புக்கில் நானே பார்த்திருக்கிறேன். அந்த டெங்குக்கு வழி சொன்னவனும் நானே. அடுத்த வருடம் முதல் தடவை என்று எழுதினான், ஏ எடுத்தான். "உங்கட உதவிய மறக்கமாட்டன் நானா" என்றான். மஸ்கட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். றைஸா பெட்டியைத் திறக்கவில்லை. பொய் சொன்னவன் பட்டப்படிப்புப் படிக்கிறான், உண்மையைச் சொன்னவள் வெறுந்தாள் கொடுக்கிறாள், உங்களுக்கு இது இறங்குமா என்று கேட்டாள். எனக்கு இறங்கவில்லை.

மூன்றாவது, கடைசிச் சந்தர்ப்பம் வந்தது. இந்த முறையும் வெறுந்தாள் கொடுத்தால் இரண்டு வருடப் படிப்பும் மண். பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் சபை கூடியது. ஹாசிம் சேர் சண்டை பிடித்து மர்ஷூதாவின் விண்ணப்பத்தை மறுபடியும் நிகழ்ச்சி நிரலில் போட வைத்திருந்தார். அதற்கு முன்குறிப்பு எழுதுவது என் வேலை. எழுதினேன். மர்ஷூதாவைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். மிச்சம் முழுக்க, அவள் வராத அதே பரீட்சைக்கு மெடிக்கல் கொடுத்து முதல் தடவை வாங்கிய பதினொரு பேரைப் பற்றி. அதில் ஏழு சான்றிதழ் ஒரே டொக்டருடையது, ஐந்தில் ஒரே நோய், மூன்றில் திகதிகூட ஒன்று. அன்றைக்கு யார் கலியாண வீட்டில் இருந்தது, யார் கிரிக்கெட் அடித்தது என்று எனக்குத் தெரிந்ததையும் எழுதினேன். கடைசி வரியில், இந்த டொக்டரிடம் போகச் சொன்னது பரீட்சைக் கிளை எழுதுவினைஞராகிய நான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பதினாறு வருடத்தில் அன்றுதான் எனக்கு அந்தக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பணிப்பாளர் வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதனால் உங்கள் வேலைக்கு என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்த ஏழு பேரும் இப்போது சட்டப்படி திறமைச் சித்தி, இந்தப் பிள்ளை சட்டப்படி சைபர், அதையும் கூட்டக் குறிப்பில் எழுதட்டுமா சேர் என்று கேட்டேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள். கூட்டக் குறிப்பை அன்று வேறு யாரோ எழுதினார்கள். தீர்மானம் என்ன என்று எனக்குத் தெரியாது, மர்ஷூதாவுக்கும் தெரியாது.

பரீட்சை நாள் வந்தது. என் மேல் விசாரணை தொடங்க இன்னும் நாள் இருந்ததால் மண்டபத்தில் நான்தான் நின்றேன். ஒன்பது மணிக்கு மணி அடித்தது. மர்ஷூதா சுட்டெண்ணை எழுதினாள், பேனையை வைத்தாள். ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து. எழுது புள்ளை, சீ என்றாலும் எழுது என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஒன்பதரைக்கு எழுந்து கொடுத்துவிட்டுப் போகப்போகிறாள், அதோடு எல்லாம் முடிந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது இருபதுக்குப் பணிப்பாளரே ஒரு கடிதத்தோடு உள்ளே வந்தார். பின்னால் ஹாசிம் சேர். கடிதத்தை அவளுடைய மேசையில் வைத்து, உங்களுக்கு இது முதல் தடவை என்று சபை ஏற்றுக்கொண்டது, எழுதுங்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

மர்ஷூதா கடிதத்தை ஒரு தரம் வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். பேனையை எடுப்பாள் என்று பார்த்தால், ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சேர், இதில 'தவிர்க்க முடியாத தனிப்பட்ட காரணம்' எண்டு இருக்கு. நான் எழுதித் தந்த காரணம் இது இல்ல."

மண்டபத்தில் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஹாசிம் சேர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். இவளுக்கு விசர் பிடித்துவிட்டதா என்றுதான் எனக்குத் தோன்றியது. மணி ஒன்பது இருபத்தைந்து. பணிப்பாளர் குனிந்து, அவளுடைய பேனையையே வாங்கி, அந்த வரியை வெட்டி, மேலே 'இத்தா' என்று தமிழில் எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தார்.

"நீங்க பிந்தித் தொடங்குற நேரத்தைக் கடைசியில தரச் சொல்றேன்" என்றார்.

"வேணாம் சேர். மத்தவங்களுக்கு எத்தனை மணிக்கு முடியுதோ எனக்கும் அப்பதான்" என்றாள்.

அடுத்த மாதம் என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள், இரண்டு வருடச் சம்பள ஏற்றத்தையும் நிறுத்தினார்கள். கிடைத்த தண்டனைக்கு நான் மேன்முறையீடு செய்யவில்லை. பெறுபேறு வந்தபோது ஹாசிம் சேர் நூலகத்துக்கு வந்து, தொண்ணூற்று நாலு, ஏ, திறமைச் சித்தி என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தியில் நின்று கதைக்கிறவர்களுக்கு இந்த எண் தெரியாது.

ஆனால் எனக்குப் பெரிதாக நிற்பது அந்தப் பெறுபேறு இல்லை, அந்தக் காலைதான். பணிப்பாளர் வெளியே போனதும் அவள் எழுதத் தொடங்கினாள். இரண்டு தரம் என்னிடம் வெறுந்தாள் கொடுத்தவள், பத்தரைக்குள் முதல் விடைத்தாளை நிரப்பிவிட்டு மேலதிகத் தாளுக்குக் கையைத் தூக்கினாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகும் தூக்கினாள், பிறகும் கொடுத்தேன். எதையும் வலக்கையால் மட்டும் வாங்குகிற பிள்ளை அவள். நாலாவது தாளைக் கொண்டுபோனபோது வலக்கை எழுதிக்கொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை, எழுதுவதை நிறுத்தவும் இல்லை, இடக்கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.